ஒரு வருடத்தில் 40 பழைய படங்கள்: வன்னியில் இருந்தபடி பார்த்து முடிக்கும் வழி

பழைய படங்களைப் பட்டியல் போட்டுப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். முடிக்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். படங்கள் அலுப்படிப்பதால் விடுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. யாரோ லண்டனிலோ சென்னையிலோ இருந்து போட்ட பட்டியலை அப்படியே எடுத்து, ஆகப் பழைய படத்திலிருந்து வருட வரிசையில் தொடங்கி, நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்த இரவில் மூன்று மணித்தியாலப் படத்தைப் போட்டால் யாருக்கும் கண் சொருகும். எந்தப் படம், எந்த இரவில், யாரோடு என்று முதலே யோசித்து வைத்தால் பட்டியல் தானாக நகரும். அதனால் இந்த வழிகாட்டி படப் பெயர்களில் தொடங்காமல் கலண்டரில் தொடங்குகிறது.

முதலில் கலண்டரை எடுங்கள்

வாரத்துக்கு ஒன்று, வருடத்துக்கு 52 என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வயல் உள்ள வீட்டுக்கு அது சரிவராது. ஐப்பசியில் காலபோக விதைப்பு, மாசியை ஒட்டி வெட்டு. வெட்டுக் காலத்தில் மெசின் எப்போது வரும் என்று காவல் இருக்க வேண்டும், நெல்லைக் காயப்போட வேண்டும், மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ள வேண்டும். அந்த இரவுகளில் யாரும் படம் பார்க்க மாட்டார்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா, வீட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அதற்கு முந்திய வாரங்கள், இவற்றையெல்லாம் வெட்டிவிடுங்கள். குளத்துத் தண்ணீர் வருகிற இடத்தில் சிறுபோகமும் செய்கிறீர்கள் என்றால் இன்னும் சில வாரம் போகும். மிஞ்சுவது ஏறக்குறைய 40. அந்த எண்ணிக்கையை முதலே ஏற்றுக்கொண்டால் இடையில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, கிழமையில் எந்த நாள் என்று பொருத்திக்கொள்ளுங்கள். சனி இரவு நல்லதுபோலத் தெரியும், ஆனால் கலியாண வீடு, பிறந்தநாள் எல்லாம் அன்றைக்குத்தான் வரும். எனக்குப் பிடித்தது வெள்ளி இரவு. கோயிலுக்குப் போய்வந்து ஏழரைக்கு உட்கார்ந்தால் பத்துக்குள் முடித்துவிடலாம், அடுத்த நாள் பள்ளிக்கூடமும் இல்லை.

பட்டியலை வீட்டுக்கு ஏற்ற மாதிரிப் போடுங்கள்

உலகப் பட்டியல்களைப் பார்க்கக் கூடாது என்றில்லை. பிரித்தானியாவின் சைட் அண்ட் சவுண்ட் சஞ்சிகை 1952இலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் கேட்டு ஒரு வரிசை வெளியிடுகிறது. முதல் தடவை மேலே நின்றது பைசிக்கிள் தீவ்ஸ். 1962இலிருந்து 2002 வரை சிட்டிசன் கேன் அசையவே இல்லை. 2012இல் வெர்ட்டிகோ. 2022இல் ஜான் டீல்மன் என்ற, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஒரு பெண்ணின் வீட்டு வேலைகளைக் காட்டும் 1975ஆம் ஆண்டுப் படம். விமர்சகர்களே இப்படி மாறுகிறார்கள் என்றால் நீங்கள் உங்கள் விருப்பப்படி மாற்றுவதில் ஒரு பாவமும் இல்லை.

நான் சொல்லும் பங்கீடு இது: தமிழ்நாட்டுப் படம் 14, இலங்கைத் தமிழ்ப் படம் 3, சிங்களப் படம் 4, மற்ற இந்திய மொழிகள் 7, வெளிநாடு 12.

தமிழ்நாட்டுப் பகுதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பராசக்தி (1952), மாயாபஜார் (1957), பாசமலர் (1961), நெஞ்சில் ஓர் ஆலயம் (1962), காதலிக்க நேரமில்லை (1964), திருவிளையாடல் (1965), தில்லானா மோகனாம்பாள் (1968), முள்ளும் மலரும் (1978), உதிரிப்பூக்கள் (1979) என்று போகும். இதில் உங்களுக்கு ஏற்கெனவே பாடமான படங்களைச் சேர்க்காதீர்கள். திருவிழாவிலும் ரிவியிலும் பத்துத் தரம் பார்த்ததைக் கணக்கில் சேர்த்தால் அது சும்மா எண்ணிக்கை கூட்டுவது.

இலங்கைத் தமிழ்ப் படத்தில்தான் சிக்கல். 1962இல் வந்த சமுதாயத்திலிருந்து தொடங்கும் அந்த வரலாற்றில் பல படங்கள் இன்று கைக்கு எட்டாது. 1983 யூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது போனவை ஒரு பக்கம், பாதுகாப்பில்லாமல் பழுதானவை இன்னொரு பக்கம். ஆகவே குத்துவிளக்கு (1972), பொன்மணி (1977), வாடைக்காற்று (1978) என்று மூன்றை எழுதி வைத்து, கிடைக்கிற அன்றைக்கு மற்றதை ஒதுக்கிவிட்டு இதைப் பாருங்கள். வாடைக்காற்று அகப்படாவிட்டால் செங்கை ஆழியானின் நாவலைத் தேடி வாசியுங்கள், அந்த இடத்தை நிரப்பியதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களைத் தேடலாம். தம்பிஐயா தேவதாஸ் எழுதிய ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’யையும் தேடி வாசித்தால் எந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று விளங்கும்.

சிங்களப் படங்களை விட்டுவிடாதீர்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ரேகாவ (1956), கம்பெரலிய (1963), நிதானய மூன்றும் இருக்கட்டும். நான்காவதாகத் தர்மசேன பத்திராஜவின் பம்பரு அவித் (1978). யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் வைத்துப் பொன்மணியை எடுத்தவரும் இதே பத்திராஜதான். பம்பரு அவித் காட்டுவதுபோல மீனவக் கிராமமொன்றுக்குள் வெளியூர் முதலாளி வந்து புகுந்தால் என்ன நடக்கும் என்பதை முல்லைத்தீவுக் கரையில் இருப்பவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

வருட வரிசையை விடுங்கள், சோடி சேருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுப்பீர்கள் என்றால் இதை எடுங்கள். படங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, அடுத்தடுத்த வாரங்களில் பாருங்கள். முதல் படம் இரண்டாவதைப் பார்க்கத் தூண்டும்.

யப்பான் இயக்குநர் குரோசாவாவின் ராஷோமோன் (1950) 88 நிமிடம்தான். ஒரு கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அடுத்த வாரம் எஸ். பாலசந்தரின் அந்த நாள் (1954). இங்கேயும் ஒரு கொலை, சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவர் வாயிலும் ஒரு கதை. யப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943ஐப் பின்னணியாக வைத்து, ஒரு பாட்டுக்கூட இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். சிவாஜி நடித்த படத்தில் பாட்டில்லையா என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அந்தக் கேள்வியோடு தொடங்கட்டும்.

இன்னொரு சோடி: த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய் (1957), பிறகு பாலு மகேந்திராவின் வீடு (1988). முதலாவது எங்கள் நாட்டில், கித்துள்கலையில் களனி கங்கைக் கரையில் எடுத்தது. மட்டக்களப்பு அமிர்தகழிப் பையனான பாலு மகேந்திரா பள்ளிச் சுற்றுலாவில் போய் அந்தப் படப்பிடிப்பைப் பார்த்தவர். இயக்குநர் டேவிட் லீன் ‘மழை’ என்று கத்தினதும் மழை பெய்ததைப் பார்த்துத்தான் சினிமா ஆசை வந்தது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் வளர்ந்து எடுத்த வீடு படத்தில் பாலமும் இல்லை, வெடியும் இல்லை. ஒரு பெண் சென்னையில் சொந்தமாக ஒரு வீடு கட்டப் படும் பாடுதான் கதை. கடன், அனுமதி, கொந்தராத்துக்காரன், களவு போகும் சீமெந்து. வன்னியில் வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டியவர்களுக்கு, அத்திவாரத்துக்கு ஒரு காசு, சுவருக்கு ஒரு காசு, கூரைக்கு ஒரு காசு என்று கட்டம் கட்டமாக வாங்கி, இடையில் மண் விலை ஏறி, பூசாத சுவரோடு குடிபுகுந்தவர்களுக்கு இது வேறு யாருடைய கதையும் இல்லை. முடிக்காத வீட்டுக்குள் தாத்தா நடந்து நடந்து சுவரைத் தடவிப் பார்க்கும் இடத்தில் எல்லோரும் மௌனமாகிவிடுவார்கள். படம் முடிந்ததும் தங்கள் தங்கள் வீட்டுக் கணக்கு கதைக்கத் தொடங்குவார்கள், அதற்கும் ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

மூன்றாவது சோடி சைக்கிளும் ரயிலும். தொடக்கத்திலேயே வையுங்கள். பைசிக்கிள் தீவ்ஸ் (1948) 89 நிமிடம். அடைவில் கிடக்கும் சைக்கிளை மீட்க, வீட்டுக் கட்டில் விரிப்புகளைக் கொண்டுபோய் அடைவு வைப்பாள் மனைவி. அடைவு கடையின் உயரமான தட்டுகளில் அப்படிப்பட்ட விரிப்பு மூட்டைகள் அடுக்கடுக்காக இருப்பதை ஒரு தடவை காட்டுவார்கள், அவ்வளவுதான், ஊரின் வறுமை முழுக்க அதில் வந்துவிடும். சைக்கிளில் குடும்பத்தையே ஏற்றி இடம்பெயர்ந்த சனத்துக்கு, ஒரு சைக்கிள் களவுபோவது என்றால் என்ன என்று சப்டைட்டில் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அடுத்தது சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி (1955). அக்காவும் தம்பியும் வெள்ளைப் பூப் பூத்த நாணல் காட்டுக்குள்ளால் ஓடி ரயில் பார்க்கும் காட்சியைக் கவனியுங்கள். முதல் நாள் பாதியை எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனால், மாடுகள் பூவெல்லாவற்றையும் மேய்ந்து முடித்திருந்தன. மிச்சத்தை எடுக்க அடுத்த பூக்காலம் வரை காத்திருந்தார்கள். மாடு கட்டாத ஊரில் பயிர் செய்கிறவர்கள் நாங்கள், இதைக் கேட்டதும் ராய்மேல் தனி இரக்கம் வரும்.

மற்ற சோடிகளை நீங்களே கண்டுபிடியுங்கள். சாப்ளினின் மாடர்ன் டைம்ஸுக்கு (1936) எங்கள் நாகேஷின் சர்வர் சுந்தரம் (1964) நன்றாகப் பொருந்தும்.

படத்தை எடுத்து வைப்பது

பழைய தமிழ்ப் படங்கள் நிறைய, உரிமை வைத்திருக்கும் கம்பனிகளாலேயே யூடியூப்பில் முழுதாகப் போடப்பட்டிருக்கின்றன. உரிமைக் காலம் கழிந்த ஊமைப் படங்கள் இன்டர்நெற் ஆர்கைவ் இணையத்தளத்தில் கிடைக்கும். பஸ்டர் கீற்றனின் ஷெர்லொக் ஜூனியர் (1924), த ஜெனரல் (1926) இரண்டையும் அங்கே எடுக்கலாம். மற்றவற்றுக்கு வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவோ மச்சாளோ டிஸ்க் கொண்டுவருவார்கள், லீவில் வரும்போது கேட்டுப் பாருங்கள். சொக்லேற்றைவிடப் பாரம் குறைவு.

யூடியூப்பில் எடுக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, நேரம். சந்திரலேகா (1948) மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் படம். இரண்டேகால் மணித்தியாலப் பிரதி ஒன்று அகப்பட்டால் யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி வெட்டுப்பட்ட பிரதியில் பாட்டுகள்தான் அனேகமாகக் காணாமல் போயிருக்கும். மற்றது, படத்தின் அகல உயர அளவு. ஐம்பதுகளுக்கு முந்திய படங்கள் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்பு விழும். அதுதான் சரி. சிலர் அகலத் திரையை நிரப்புவதற்காக மேலையும் கீழையும் வெட்டிப் போடுவார்கள், அதில் ஆட்களின் நெற்றி இருக்காது. உங்கள் ரிவியும் இழுத்துக் காட்டக்கூடும். தியாகராஜ பாகவதர் முகம் பூசணிக்காய் மாதிரித் தெரிந்தால் ரிமோட்டை எடுத்துப் பிக்சர் சைஸை 4:3க்கு மாற்றுங்கள்.

டேட்டா கணக்கு: 480பீயில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய அரை ஜீபீ என்று வைத்துக்கொண்டால் தவறாது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அந்தத் தரம் காணும். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால், செயலியே தரவிறக்க விடுகிற படங்களை நடுச்சாமத்துக்குப் பிறகு இறக்கி வைத்துவிடுங்கள். ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே இருப்பவர்கள் சிக்னல் உள்ள இடத்துக்குப் போகும்போதே இதைச் செய்யலாம். எப்போதும் நான்கு படம் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். படம் பார்க்க உட்கார்ந்த பிறகு தேடத் தொடங்கினால் அன்றைய இரவு தேடுவதிலேயே போய்விடும்.

பென் டிரைவில் ரிவிக்குப் போடுகிறவர்கள்: பென் ஃபாட்32 முறையில் இருந்தால் 4 ஜீபீக்குக் கூடின கோப்பு ஏறாது. சப்டைட்டில் கோப்பின் பெயரும் படத்தின் பெயரும் ஒரே எழுத்தாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிவி அதைக் காணாது. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த ரிவியில் தமிழ் எழுத்து இல்லை. லப்டொப்பில் விஎல்சி போட்டு கேபிளில் இணையுங்கள். அங்கே சப்டைட்டில் முந்திப் பிந்தி வந்தால் ஜீ, எச் விசைகளால் சரிசெய்யலாம்.

தமிழ் சப்டைட்டில் கிடைப்பது அபூர்வம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலம் ஓடும். அம்மம்மாவுக்கு அது உதவாது. இதற்கு வழி, வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டு போவது. ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்கப் போனால் இரண்டு பேருக்கும் படம் போய்விடும். காட்சிக்கு ஒரு வரி காணும்: ‘சைக்கிளை அடைவால எடுத்திட்டான், நாளைக்கு வேலைக்குப் போறான்.’ மிச்சத்தை முகம் சொல்லும்.

கரண்டும் மழையும்

ஐப்பசியில் இடி மின்னல் தொடங்கினால் படம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, ரிவியின் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். அந்த மாதத்துக்கென்று குறும்படங்களை ஒதுக்கி, லப்டொப்பில் முழுச் சார்ஜோடு வையுங்கள். ஷெர்லொக் ஜூனியர் 45 நிமிடம்தான். கரண்ட் போன இருட்டில், மழைச் சத்தம் தகரத்தில் விழ, ஊமைப் படம் பார்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது. வசனம் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெயில் காலத்தில் முற்றத்தில் திரை கட்டலாம். புரொஜெக்டரை வாடகைக்கு எடுக்க முடிந்தால் வெள்ளை வேட்டியை இரண்டு வேம்புக்கு நடுவில் இழுத்துக் கட்டி, கீழ்க் கரையில் கல் வைத்துத் தைத்துவிடுங்கள். சோளகக் காற்றுக்குத் திரை ஊதாமல் நிற்கும். ஏழு மணிக்கு முதல் போட்டால் ஒன்றும் தெரியாது. முதல் மழை விழுந்த வாரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், ஈசல் முழுக்க வெளிச்சத்துக்கு வந்து திரையில் அப்பிவிடும். சனசமூக நிலையத்தில் ஊருக்கே போடுவதென்றால் உரிமைக் காலம் கழிந்த படத்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் அனுமதி கேளுங்கள்.

யாரோடு, எதைப் பார்க்கக் கூடாது

வெளியூர்ப் பட்டியல்களில் போர்ப் படங்கள் நிறைய இருக்கும். அவற்றைப் போட முதல் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃப்ளைஸ் (1988) என்ற யப்பானிய அனிமேஷன் படம், கார்ட்டூன்தானே என்று பிள்ளைகளுக்குப் போடத் தோன்றும். குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கச்சியும் பசியில் அழிந்துபோகும் கதை அது. 2009இல் பங்கருக்குள் இருந்த ஒருவருக்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முள்ளிவாய்க்காலுக்கு நடந்த ஒருவருக்கு, அதைச் சொல்லாமல் கொள்ளாமல் போட யாருக்கும் உரிமையில்லை. அது எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும் சரிதான்.

முதலே கதையைச் சொல்லுங்கள். விமானச் சத்தமும் செல் சத்தமும் வரும் இடம் எதுவென்று தெரிந்து வைத்திருந்து, சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். ஒருவர் எழும்பி வெளியே போனால் பின்னால் போய் ஏன் என்று கேட்க வேண்டாம், தேத்தண்ணி போடத்தான் போனார் என்று விட்டுவிடுங்கள். பராசக்தியிலும் யுத்தத்தால் குடும்பம் சிதறுவது வரும், ஆனால் அதை வன்னிச் சனம் வேறு மாதிரிப் பார்க்கும். அந்த வசனங்களைப் பாடமாகச் சொல்லும் ஐயாமார் இன்னும் இருக்கிறார்கள். போர்ப் படங்களைத் தனியாகப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு மாயாபஜாரைப் போடுவதும் ஒரு நல்ல ஏற்பாடுதான். ரங்காராவ் கலியாண விருந்தைத் தனியாளாக இருந்து முடிக்கும்போது சின்னப் பிள்ளையும் சிரிக்கும், கிழவியும் சிரிக்கும்.

விதிகள், கொப்பி

விதி குறைவாக இருக்கட்டும். போனைத் திண்ணையில் வைத்துவிட்டு வர வேண்டும். பாதியில் நின்ற படத்தை ஏழு நாளுக்குள் முடித்தால்தான் கணக்கு. 40 நிமிடம் பார்த்தும் ஒட்டவில்லை என்றால் மாற்றலாம், ஆனால் வருடத்துக்கு ஐந்து மாற்றம்தான். இந்த ஐந்தை மாரிக்கு முதலே முடித்துவிட்டால் பிறகு உங்கள் பாடு, படத்தின் பாடு.

ஒரு பள்ளிக்கூடக் கொப்பி எடுத்து, திகதி, படம், யார் யார் இருந்தார்கள், ஒரு வரி என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியில் ‘நல்ல படம்’ என்று எழுத வேண்டாம், கண்ணில் நின்ற ஒரு பொருளை எழுதுங்கள்: அடைவு கடையின் விரிப்பு மூட்டை, முடியாத வீட்டுச் சுவர். வருடம் கழிந்து பார்க்கும்போது படம் முழுக்க ஞாபகம் வரும்.

நீளமான படங்களை இரண்டு இரவாகப் பிரிப்பது தவறில்லை. குரோசாவாவின் செவன் சாமுராய் (1954) 207 நிமிடம், நடுவில் அதற்கே ஒரு இடைவேளை உண்டு. கொள்ளைக்காரர் வெட்டு முடிந்த நேரம் பார்த்து வருவார்கள் என்று பயந்து கிராமத்து உழவர்கள் காவலுக்கு ஆள் பிடிக்கும் கதை. ஆகவே அதைப் பங்குனிக்கு, நெல் வீட்டுக்கு வந்த பிறகு வையுங்கள், விளங்கும்.

பிந்திப் போனால் ஒரே வாரத்தில் மூன்று படம் போட்டுப் பிடிக்கப் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்த படம் அடுத்த நாள் ஞாபகமிருக்காது. சாப்ளின், கீற்றன் மாதிரிச் சின்னப் படங்களை இடைவாரங்களில் செருகுங்கள், கணக்குச் சரிவரும்.

40ஆவது படத்தை மட்டும் தொடக்கத்தில் எழுதாமல் வெறுமையாக விடுங்கள். 39 முடிந்ததும் கொப்பியை நடுவில் வைத்து, எந்தப் படத்தைத் திரும்பப் பார்ப்பது என்று வீட்டில் வாக்கெடுப்பு வையுங்கள். சமமாக வந்தால் அம்மம்மா சொல்வதுதான் முடிவு. அது அனேகமாகச் சிவாஜி படமாகத்தான் இருக்கும், கச்சானைக் கொஞ்சம் கூட வறுத்து வையுங்கள்.